கவுண்டிக்காரருக்கு ஒரு துண்டு

அன்று எங்கள் டவுன்ஷிப்பின் வருடாந்திரக் கூட்டம்; ஊராட்சிக் கூடத்தில் இருந்தவர்கள் பதினோரு பேர். தலைவர் ஹார்லன் ஆஸ்ட்பி. உறுப்பினர்கள் கெர்மிட், லைல். அண்ணன் தம்பிதான், ஆனால் பேசிக்கொள்வதில்லை. புகார் கொடுத்த விட்கோம். புகாருக்கு ஆளான லியோனா. ஓட்டுப் போட வந்த பண்ணைக்காரர்கள் ஐந்து பேர். காபி போட்ட நான்.

ஆப்பிள் கேக்கைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தேன். எல்லோரும் எடுத்த பிறகு விட்கோம் இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

"அது கவுண்டி அதிகாரிக்கு," என்றார் ஹார்லன். கவுண்டி என்றால் எங்களுக்கு மேலே இருக்கும் மாவட்ட நிர்வாகம்.

"அவரும் வராரா?"

"கூப்பிட்டிருக்கோம்."

விட்கோமுக்குத் திருப்தி. ஏரிக்கரையில் பெரிய வீடு கட்டிக்கொண்டு போன கோடையில்தான் இங்கே குடிவந்தார். எழுந்து நின்று பேசினார்.

"ஒரு பண்ணைக்கு ஒரு வீடுதான்னு உங்க சட்டமே சொல்லுது. லியோனா மேடம் பண்ணையில ரெண்டாவதா சக்கரம் வெச்ச டிரெய்லர் வீடு ஒண்ணு நிக்குது. என் ஜன்னலைத் திறந்தா அதான் தெரியுது."

"அதுல என் பையன் இருக்கான்," என்றாள் லியோனா. "மரமில்லுல முதுகு உடைஞ்சு, இருந்த வீடும் போய், பொண்டாட்டி கைக்குழந்தையோட வந்திருக்கான். பனியில எங்க போவான்?"

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. நீங்க எடுக்க வைக்கலேன்னா நான் கோர்ட்டுக்குப் போவேன்."

எல்லோரும் ஹார்லனைப் பார்த்தோம். கவுண்டியைத் திட்டாமல் அவர் ஒரு கூட்டத்தையும் முடித்ததில்லை. 'நம்ம நிலத்துல என்ன கட்டலாம்னு நாற்பது மைல் தள்ளி உக்காந்திருக்கறவன் சொல்றதா?' என்று மேசையைத் தட்டுவார். அந்த அதிகாரத்தை டவுன்ஷிப்பிலேயே வைத்துக்கொள்ளப் போராடியவரே அவர்தான்.

ஹார்லன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிஸ்டர் விட்கோம் சொல்றது சரிதான். அதிகாரம் நம்ம கையில இருக்கற வரைக்கும், நாங்க மூணு பேரும் நாளைக்கே போய் டிரெய்லரை எடுக்கச் சொல்லியாகணும். அதனால..."

"அதனால?"

"அந்த அதிகாரத்தைக் கவுண்டிக்கே கொடுத்துடலாம்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"ஹார்லன், உடம்பு சரியில்லையா?" என்றார் ஒரு பண்ணைக்காரர்.

"கவுண்டிக்காரன் உனக்கு என்னய்யா கொடுத்தான்?" என்றார் இன்னொருவர்.

"கவுண்டியிலயும் ஒரு பண்ணைக்கு ஒரு வீடுதானே?" என்று கேட்டார் லைல்.

"அதே சட்டம்தான்."

"அப்புறம் எதுக்கு?"

ஹார்லன் கோப்பையை எடுத்தார். காபியை ஊதிக் குடித்தார்.

விட்கோம்தான் உற்சாகமானார். "ரொம்ப நல்ல யோசனை! அங்கே பக்கத்து வீடு, பழகின முகம்னெல்லாம் பார்க்க மாட்டாங்க."

"எப்படிப் பார்ப்பாங்க?" என்றார் ஹார்லன்.

லியோனாவின் முகம் சுருங்கிப்போனது. "ஹார்லன், என் முகத்துக்கு நேரா 'போ'ன்னு சொல்ல தைரியம் இல்லாம, அவங்க வாயால சொல்ல வைக்கப் பார்க்கற."

ஹார்லன் எழுந்து நின்றார். "கை தூக்குங்க," என்றார்.

முதல் கை விட்கோமுடையது. இரண்டாவது ஹார்லனுடையது. கெர்மிட் தலையைச் சொறிந்தார். மேசையைப் பார்த்தார். திடீரென்று அவருக்குப் புரையேறியது. இருமலோடு இருமலாகக் கையைத் தூக்கினார். அண்ணன் தூக்கினால் தம்பி தூக்க மாட்டார். அன்று லைலும் தூக்கினார். பிறகு பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராக.

நான் எண்ணினேன். ஆதரவாக ஒன்பது. எதிராக லியோனா மட்டும். ஒன்றும் புரியாமல், எந்தப் பக்கமும் கை தூக்காதவன் நான் ஒருவன்.

விட்கோம் கோட்டை மாட்டிக்கொண்டார். "இன்னிக்கே கவுண்டிக்கு எழுதிடறேன். நேர்ல வந்து பார்க்கச் சொல்றேன்."

"எழுதுங்க," என்றார் ஹார்லன். "பாலம் உடைஞ்சதுக்கு நாங்களும் எழுதியிருக்கோம்."

விட்கோம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவருடைய கார் அந்த உடைந்த பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

லியோனா எழுந்தாள். ஹார்லன் அவளைக் கதவருகே நிறுத்தினார்.

"டிரெய்லரைச் சுத்தி வைக்கோல் கட்டு அடுக்கியாச்சா? தரையில குளிர் ஏறும், குழந்தைக்கு ஆகாது. உன் பையனால குனிய முடியாது. கெர்மிட்டும் லைலும் கொண்டு வந்து அடுக்குவாங்க."

"எதுக்கு அடுக்கணும்? நாளைக்கே கவுண்டி அதிகாரி வந்து எடுக்கச் சொல்லப் போறாரே!"

ஹார்லன் என் பக்கம் திரும்பினார். "தட்டுல எவ்வளவுப்பா மீதி?"

பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

"ஒண்ணு," என்றேன். "கவுண்டிக்காரருக்குன்னு எடுத்து வெச்சு, வருஷா வருஷம் மீதியாகிற அதே ஒண்ணு."