மஞ்சள் டோக்கன்

பனியன் கம்பெனியில் நாற்பது பெண்களுக்கு ஒரே டோக்கன். ஓரம் தேய்ந்த மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. அது கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். போனவள் திரும்பி வந்து அதைச் சூப்பர்வைசர் மேஜையில் வைத்த பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதற்காக அவர் முகத்தைப் பார்த்து நிற்க அலுத்துப்போய், துளசிமணி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. விலாவில் வலியும் விடாத காய்ச்சலும் அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து உட்கார்த்தின.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"காலையில ஒரு டம்ளருங்க. அதும் மாத்திரை போடறதுக்குங்க."

டாக்டரம்மா பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

வெளியே நர்ஸ் சிறிய டப்பா ஒன்றைக் கொடுத்தாள். "யூரின் புடிச்சிட்டு வாங்கக்கா. பாத்ரூம் அந்தக் கடைசியில."

துளசிமணி நகரவில்லை.

"காலியாத்தான் இருக்கு, போங்கக்கா."

அப்போதும் அவள் போகவில்லை. டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நர்ஸ் முன்னால் விரித்து நீட்டியபடி நின்றாள்.