திக்காமல் படிப்பவள்

ஏழாம் வகுப்பில் பாடம் வாசிக்க டீச்சர் எப்போதும் யோகப்பிரியாவைத்தான் எழுப்புவார். கௌசிகாவுக்கு வயிறு எரியும்.

“அவளப் பாரு கௌசிகா, எத்தனை தைரியமாப் படிக்கறா! நீ எந்திரிச்சாலே நடுங்கற” என்றார் டீச்சர்.

ஒரு நாளாவது இவள் திக்க மாட்டாளா என்று கௌசிகா பல்லைக் கடித்தாள்.

யோகப்பிரியா புத்தகத்தை விரித்துக் கணீரென்று ஆரம்பித்தாள்.

“மழை கொட்டியது. ஆறு பெருகியது. மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். ஏ செவலை, வாலை ஆட்டாம நில்லுடி!”

வகுப்பே சிரித்தது. டீச்சர் அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். வேறு ஏதோ பாடம் விரிந்திருந்தது.

கௌசிகா மட்டும் சிரிக்கவில்லை. செவலை அவள் வீட்டுப் பசு. தினமும் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனதும், கூச்சமில்லாமல் சத்தம் போட்டு, நடுநடுவே அதை அதட்டிக்கொண்டே கௌசிகா பாடம் வாசிப்பது அதனிடம்தான்.

மாட்டுக் கட்டுத்தரைச் சுவருக்கு அந்தப் பக்கம் யோகப்பிரியாவின் வீடு.