கடைசி சீட்

"சின்ன பிளேன் சார், வெயிட் சரிசமமா இருக்கணும். நீங்க மட்டும் கடைசி சீட்டுக்கு வர்றீங்களா?" என்று பணிப்பெண் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அப்படியானால் விமானம் சாயாமல் பறப்பதே தன் எடையால்தான் என்று தில்லைநாயகம் எண்ணிக்கொண்டார். மனைவி கோமதியை முன்வரிசையில் விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தவர், விமானம் எழும்பியபின் அசையவே இல்லை. தண்ணீர் தந்தபோதும் வேண்டாமென்றார்; குடித்தால் எடை கூடிவிடாதா? மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் குலுங்கியது. சற்றுமுன் காலை மாற்றி வைத்தது தப்போ என்று அவருக்கு வியர்த்தது. அந்த நேரம் பார்த்துக் கோமதி எழுந்து, "என்னங்க, சுகர் மாத்திரை போடலையே!" என்று அட்டையை ஆட்டியபடி வந்தாள்.

"வராத! அங்கயே உக்காரு!"

அவள் காதில் விழவில்லை. வெளியே இறக்கையில் சுழன்ற காற்றாடி அப்படி இரைந்தது. அவள் ஓரடி வைக்க, அதை ஈடுகட்ட இவரும் எழுந்து ஓரடி முன்னே வைத்தார். அவள் இன்னொன்று, இவர் இன்னொன்று. இருவர் விலக இடமில்லாத நடைபாதையின் நடுவில் எதிரெதிரே முட்டிக்கொண்டு நின்றார்கள்.

குலுக்கல் சட்டென்று நின்றது.

"ரெண்டு பேரும் போய் உக்காருங்க, லேண்ட் ஆகப் போறோம்!" என்று பணிப்பெண் கத்தினாள்.

தில்லைநாயகம் மனைவியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நகராத கோமதி," என்றார்.