உப்பின் மேல் நிழல்

உப்பளத்தில் பிலிம் கேமராவில் எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றி, பதினோரு நாள் கண் எரிய உட்கார்ந்து, நடுவில் நின்ற தொழிலாளி சூசையை அழித்தாள் சுகந்தி. எடுத்து முடித்த பிறகு, வெறும் வெள்ளை மட்டும் போதும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. உப்பின் மேல் விழுந்த அவர் நிழலை மட்டும் அழிக்கத் தெம்பில்லாமல் விட்டுவிட்டாள். கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த நிழலைத்தான் மெச்சினார்கள். அவளும் யோசித்துச் செய்ததுபோல் தலையாட்டிச் சலித்துப்போனாள்.

கடைசி நாள் சலவைச் சட்டையில் சூசை வந்தார், மனைவியோடு. சுவரளவு படத்தில் தன்னை வெகுநேரம் தேடினார். "அசையாதீங்கன்னு சொன்னியே தாயி, நான் கண்ணைக்கூட இமைக்கலையே," என்றார்.

மனைவி குனிந்து நிழலைப் பார்த்தாள். "இடது தோள் சாய்ஞ்சிருக்கு. நீங்கதான்." கையைப் பிடித்து அவரை அந்த நிழலின் காலடியில் நகர்த்தி நிறுத்திவிட்டு, சுகந்தியின் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"இப்ப எடும்மா."