ரோஸ் கலர் பாட்டில்

"மூக்கைப் புடிச்சிக்கினு ஒரே மடக்கா குடிச்சிடுங்க" என்றாள் மணியம்மை. அவள் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் பிராந்தி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கவேல் மனைவியை மிரட்சியோடு பார்த்தான். போன ஆடிக் கிருத்திகைக்கு அவனை மலைக்கு இழுத்துப் போய், இனிமேல் தொட மாட்டேன் என்று முருகன் சன்னதியில் சத்தியம் வாங்கியவள் அவள்தான். இன்றைக்கும் கிருத்திகை. விரதத்தில் இருப்பவனுக்குக் குவார்ட்டர் வாங்கி வரச் சொல்லித் தன் தம்பி சுதாகரைக் கடைக்கு விரட்டியவளும் அவளேதான்.

அளவு சொன்னது டாக்டர் சுப்ரஜா. உள்ளே போன விஷத்துக்கு மாற்று மருந்து சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது வரும்வரை கல்லீரலுக்குச் சாராயத்தைக் கொடுத்து வைத்தால், அது அந்த வேலையில் மும்முரமாகி விஷத்தின் பக்கம் திரும்பாது என்றார் அவர்.

விஷம் என்றால் கூலண்ட். தங்கவேல் லாரி மெக்கானிக். கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாகப் பட்டறை. கரும்பு லாரியோ ஜல்லி டிப்பரோ, எஞ்சின் சூடாகிறது என்றால் அவனிடம்தான் வரும். ரேடியேட்டரில் பைப் தண்ணீரை ஊற்றும் டிரைவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. உள்ளே உப்புப் படியும், துரு பிடிக்கும், லைனர் ஓட்டையாகும், கூலண்ட் ஊற்றாதவன் எஞ்சினைக் கொலை செய்கிறான் என்று நிற்க வைத்துப் பாடம் எடுப்பான்.

அன்று காலையும் ஒரு டிரைவருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மேஜை மேல் இரண்டு பாட்டில்கள். ஒன்று விரதத்துக்காக மணியம்மை கொடுத்தனுப்பிய ரோஸ் மில்க். இன்னொன்று, ரேடியேட்டரில் குறைகிற வண்டிக்குக் கொஞ்சம் ஊற்ற, வேன்காரன் ஒருவனிடம் மலிவாக வாங்கிய டிரம்மிலிருந்து அவன் எடுத்து வைத்திருந்த கூலண்ட். அதுவும் ரோஸ் நிறம். பேச்சு மும்முரத்தில் கையை நீட்டி எடுத்தவன், பாதி குடித்த பிறகுதான் டிரைவரின் முகம் போன போக்கைக் கவனித்தான்.

"குடிக்கிற பாட்டில்ல கூலண்ட் வெக்காதீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறவன் நான்தாங்க டாக்டர்" என்றான், முதல் டம்ளரை முடித்துவிட்டு.

குடித்தபோது எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டார். கூலண்ட் இனிக்குமாம், அதனால்தான் கொட்டிக் கிடப்பதை நக்கிவிட்டு நாய்கள் சாகின்றனவாம். தங்கவேல் யோசித்தான். சப்பென்று இருந்ததாகத்தான் ஞாபகம். ரோஸ் மில்க்கை எதிர்பார்த்த நாக்குக்கு வேறு எது போனாலும் சப்பென்றுதான் இருக்கும் என்று அவனே காரணமும் சொன்னான்.

இரண்டாவது டம்ளருக்குப் பிறகு அவனுக்கு வாய் அவிழ்ந்துகொண்டது. நாளைக்குப் பேப்பரில் 'கூலண்ட் குடித்து மெக்கானிக் பலி' என்று வரும், எதிர்ப் பட்டறைக்காரன் அதை வெட்டி லேமினேஷன் போட்டுக் கடையில் மாட்டுவான் என்றான். தன்னைக் குழியில் இறக்கினாலும் சூடான ரேடியேட்டர் மாதிரி ஆவி பறக்கும் என்றான். மணியம்மை அழுதுகொண்டே அவன் வாயைப் பொத்தினாள்.

அந்தப் பாட்டிலில் கூலண்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று டாக்டர் கேட்டபோதுதான் அவனுக்கு டெஸ்ட் பேப்பர் நினைவு வந்தது. அரக்கோணத்தில் மெக்கானிக்குகள் கூட்டத்தில் இலவசமாகக் கொடுத்தது. கூலண்டில் நனைத்தால் நிறம் மாறும். கூடவே வரும் அட்டையில் உள்ள நிறக் கட்டங்களோடு ஒப்பிட்டால் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். கலரைப் பார்த்தே சொல்கிறவனுக்குக் காகிதம் எதற்கு என்று சீல்கூடப் பிரிக்காமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தான்.

"என் வயித்துக்கோசரம்தான் அத மொதமொதல்ல பிரிக்கணும்னு இருந்துருக்கு" என்றான்.

சுதாகர் பைக்கில் போய் மீதிப் பாட்டிலையும் டெஸ்ட் பேப்பரையும் கொண்டுவந்தான். டாக்டர் முன்னாலேயே ஒன்றை நனைத்துக் காத்திருந்தான். நிறம் மாறவில்லை. உதறிவிட்டு இன்னொன்றை நனைத்தான். அதுவும் அப்படியே இருந்தது.

"பாவா, இது சைபர்லயே நிக்குது" என்று அக்கா புருஷனைக் குழப்பத்தோடு பார்த்தான்.

அதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. டாக்டர் அதைப் படித்தார், அட்டையைப் பார்த்தார், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். ரத்தத்தில் விஷமே இல்லை. பாட்டிலில் இருந்தது சாயம் கலந்த வெறும் தண்ணீர். போதை தெளிந்ததும் வீட்டுக்குப் போகலாம்.

மணியம்மை ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம், வேனில் வந்து டிரம் டிரம்மாக விற்றுவிட்டுப் போன அந்த மோசக்காரன் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும் என்று வாய் நிறைய வாழ்த்தினாள். அவன் நல்ல சரக்கைக் கொடுத்திருந்தால் இந்நேரம் தன் தாலி என்ன ஆகியிருக்கும் என்று நர்ஸிடம் கேட்டுக் கேட்டு மாய்ந்தாள்.

தங்கவேல் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரையே வெறித்துக்கொண்டிருந்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அதான் பொழச்சிக்கினீங்களே. இன்னும் இன்னாத்துக்கு அழுவறீங்க?" என்றாள் மணியம்மை.

"ஊர்ல இருக்கிற லாரிக்கெல்லாம் அதத்தான்டி ஊத்தி வெச்சிருக்கேன்."