முன்பக்கத்து அறை

"கட்டில் பக்கத்துல மணி வச்சிருக்கீங்களே, அடிச்சா ஆள் வருமா, இல்ல சத்தம் மட்டும்தான் வருமா?"

கேட்டவர் மகன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எதையும் சந்தேகத்தோடு பார்க்கிற ஆசாமி. அவருக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் பெட்டி. மகன் கைவீசிக்கொண்டு வந்திருந்தார். முதியோர் இல்லத்து வார்டன் அம்மாவுக்கு அந்தக் காட்சியைப் பார்த்த மாத்திரத்திலேயே மகனைப் பிடிக்காமல் போய்விட்டது.

"அடிச்சுத்தான் பாருங்களேன் சார்."

அடித்தார். ஆயா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல, போங்க" என்றார் மகன். அவள் முணுமுணுத்துக்கொண்டு போவதையும் கவனித்துக்கொண்டார்.

பிறகு குளியலறை. சுவரில் பதித்திருந்த கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். "ஆடாதது ஒண்ணாவது இருக்கே." குழாயைத் திறந்து, வெந்நீர் வரும்வரை விரலை நீட்டிக்கொண்டு நின்றார். வெளியே வந்து மெத்தையை அமுக்கி, "கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

"வயசானவங்க முதுகுக்கு அதான் சார் நல்லது."

"பக்கத்து ரூம்ல யாரு?"

"ரயில்வேல கார்டா இருந்தவரு. தங்கமான மனுஷன். என்ன, தூக்கத்துல விசில் அடிப்பாரு."

"அது வாடகையிலயே சேர்த்தியா, தனியா?"

வார்டன் அம்மா மெத்தை விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். இந்த வேலையில் எத்தனையோ மகன்களைப் பார்த்தாகிவிட்டது. சேர்க்கிற அன்று கேட்கிற கேள்விகளைப் பார்த்தால் தினமும் வந்து நிற்பார்கள் என்று தோன்றும். அப்புறம் தலையைக்கூடக் காட்ட மாட்டார்கள். இவரும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, பெரியவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏதாவது கேக்கணுமாங்கய்யா?"

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காலைல காபி படுக்கைக்கே வந்துடுமாம்மா? எழுந்து வந்து குடிச்சுப் பழக்கமில்ல."

"வந்துடும்ங்கய்யா."

"காய் குழைய வேகக்கூடாது. குழைஞ்சுதுன்னா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போற சுபாவம்."

"சமையக்காரர்கிட்ட சொல்லிடறேன்."

"ராத்திரி வராந்தாவுல ஒரு விளக்கு எரியட்டும். இருட்டுன்னா சின்ன வயசுலேருந்தே கொஞ்சம் பயம்."

"அப்பா, இதையெல்லாமா சொல்லுவாங்க?" என்று மகன் பல்லைக் கடித்தார்.

"சொல்லாட்டி அவங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இடம் நல்லதா அமைஞ்சுடணும்மா. இந்த வயசுல ஊர் ஊரா மாறிக்கிட்டிருக்க முடியாது. அந்த ஒரு கவலைதான்."

வார்டன் அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது.

காலியாக இருந்தவை இரண்டே அறைகள், அவர்கள் நின்றிருந்த பின்பக்கத்து அறையும் முன்பக்கத்து அறையும். முன்பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்தால் தோட்டம், காற்று, தெருவில் போகிற வருகிற ஜனம். பின்பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் சுவர். முன்பக்கத்துக்கு வாடகை ஒன்றரை மடங்கு.

"பின்பக்கமே போதும். மரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா இவ்வளவு பணம்? வீண் செலவு" என்றார் மகன்.

"முன்பக்கத்து ரூம்தான். மேற்கொண்டு ஆகறத நான் போட்டுக்கறேன்" என்றார் பெரியவர்.

"வேணாம்ப்பா. சொன்னாக் கேளுங்க."

"நீ சும்மா இருடா."

வார்டன் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் வந்த ஆளும் போய்விடும். மூடிக்கொள்ளவோ மனசு கேட்கவில்லை.

"ஏன் சார், உங்கள வளக்கறப்போ இவரு கணக்குப் பாத்திருப்பாரா?"

"இல்ல மேடம். இப்பவும் பாக்க மாட்டேங்கறாரு. அதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு."

இப்படி ஒரு வெட்கங்கெட்ட பதிலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. இனிமேல் அந்த மனிதரோடு பேச்சே இல்லை என்று பெரியவரை மட்டும் பார்த்துச் சொன்னார்:

"முன்பக்கத்து ரூமையே எடுத்துக்குங்கய்யா. பின்பக்கத்து வாடகை குடுத்தாப் போதும். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

முதலாளி லேசில் விடுகிற ஆள் இல்லை. வேலைக்கே உலை வைத்தாலும் வைப்பார். அது நாளைக் கவலை.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ நல்லா இருக்கணும்மா. இனிமே எனக்குத் தூக்கம் வரும்."

"எங்க அப்பா மாதிரி பாத்துக்கறேன், போதுமா? வாங்க, ரூமுக்குப் போலாம்" என்று வார்டன் அம்மா கையை நீட்டினார்.

பெரியவர் பெட்டியைக் கீழே வைத்தார். தடியைச் சுவரில் சாய்த்தார். பக்கத்தில் நின்ற மகனின் கையை எடுத்து, நீட்டிய அந்தக் கையில் கொடுத்தார்.

"அப்பா மாதிரியெல்லாம் வேணாம்மா, கூடப்பொறந்தவன் மாதிரி பாத்துக்க. போன மாசம்தான் ரிட்டயர் ஆனான். கல்யாணமும் பண்ணிக்கல, வெந்நீர் போடக்கூடத் தெரியாது. நான் இருக்கறப்பவே எங்கயாவது பழகிடணுமில்ல?" என்றவர், "ஞாயித்துக்கிழமை வரேன்டா, அழக்கூடாது" என்று மகன் முதுகைத் தட்டிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு, மிஷினில் பாதி தைத்த துணி கிடக்கிறதென்று தன் தையல் கடையைப் பார்க்க நடையைக் கட்டினார்.