நாலு வயசு மூத்த ஆள்

கார் நகர்ந்ததுமே நான்கு கதவுகளும் 'க்ளக்' என்று பூட்டிக்கொண்டன. யே-சொல்லின் செல்போன் அவளிடம் இல்லை. ஓட்டுகிறவரின் கோட்டுப் பைக்குள் கிடந்தது.

ஓட்டுகிறவர் அவளைப் பெற்ற அப்பா. ஜொன்ஜு நகரத்தில் ஒரு ஹோட்டல், பதினோரு மணிக்கு ஒரு பல் டாக்டர், கூடவே அவன் அம்மா. காபி குடித்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் போதுமாம். மாட்டேன் என்றால் 'அந்த ஆளை' அப்பாவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பிறந்த வீட்டுக் கதவு அதோடு சாத்திக்கொள்ளும் என்பது அவள் பயம்.

பின் சீட்டில் துணியில் முடிந்த கிம்ச்சி டப்பா ஒவ்வொரு வளைவிலும் இடித்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காக இருக்கும். தன் பழைய பழுப்பு ஷூவுக்குக்கூடப் புது சோல் போட்டிருந்தார் அப்பா.

"அந்த ஆள், அந்த ஆள்னு ரெண்டு வருஷமா சொல்ற. ராணுவத்துல எந்தப் பக்கம் இருந்தாங்க?"

"போகலைப்பா."

"போகலையா? கண்ணு தெரியாதா, தட்டைப் பாதமா?" கொரியாவில் ஆண் என்றால் ராணுவத்துக்குப் போயே ஆகவேண்டும்.

 இந்த இரண்டு வருடத்தில் அப்பாவிடம் அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. கேட்டதற்கு மேல் எதுவும் சொன்னதுமில்லை.

அப்பா விடுவதாக இல்லை. பூசானில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகளை உதாரணத்துக்கு இழுத்தார். யே-சொல்லுக்கு அவள் ஓன்னி, அதாவது அக்கா.

"உன் ஓன்னி கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல 'ஒப்பா, ஒப்பா'ன்னு அவனைக் கொஞ்சினதுல எனக்கே காது கூசும். நீ சொல்ற ஆள் உன்னைவிட நாலு வயசு மூத்த ஆள். ஒருநாளாவது உன் வாயில 'ஒப்பா' வந்திருக்கா?"

அண்ணனுக்கும் அந்த வார்த்தைதான், மூத்த காதலனுக்கும் அந்த வார்த்தைதான்.

"பேரோட மரியாதைக்கு 'ஷி' சேர்த்துக் கூப்பிடுவேன்."

"ஏன், காதலிக்கிறது ஆபீஸ் மேனேஜரையா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு முட்டியது. ஜன்னல் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அதுவும் பூட்டியிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். திரும்ப மூடிக்கொண்டு, குனிந்து சீட் பெல்ட்டைச் சரிசெய்தாள்.

நிமிர்ந்தபோது தலைக்கு மேல் பலகை ஒன்று கடந்தது. குன்சான்.

"அப்பா, ஜொன்ஜு இந்தப் பக்கம் இல்லையே?"

"தெரியும்."

 குன்சானில் மீன் சந்தைக்குப் பின்னால் செருப்பு தைக்கும் கடை ஒன்று உண்டு. அந்த ஆளின் கடை. எங்கே வேலை என்று அப்பா ஒருமுறை கேட்டபோது அவள்தான் சொல்லியிருந்தாள்.

கார் சரியாக அதன் எதிரே போய் நின்றது. உள்ளே யாரோ குனிந்து ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அங்கே போய்ச் சத்தம் போட வேண்டாம், திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள் என்று கெஞ்சினாள்.

அப்பா எஞ்சினை அணைத்தார். பல் டாக்டரின் அம்மாவிடம் நேற்றே மன்னிப்புக் கேட்டாயிற்று என்றார். பிறகு வலது காலைக் கொஞ்சம் தூக்கி ஷூவைக் காட்டினார்.

"போன மாசம் இங்கதான் போட்டேன். சுத்தமான வேலை. நீயா வாயைத் திறப்பேன்னு வழிநெடுகப் பார்த்தேன்."

பூட்டுகள் 'க்ளக்' என்று விடுபட்டன. கிம்ச்சி டப்பாவை எட்டி எடுத்து அவள் மடியில் வைத்தார்.

 அப்பா கடையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"'ஷி' எல்லாம் வேண்டாம். 'ஓன்னி'ன்னே கூப்பிடு."